இலங்கை அமைதிப் பேச்சுவார்த்தையில் பெண்களின் பங்கேற்பு: 1325ஆம் தீர்மானத்தின் நோக்கில் பால்நிலைத் துணைக்குழு (2002–2003)

ஆய்வுச் சுருக்கம்

ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையின் 1325ஆம் தீர்மானம், போரைத் தடுத்தல், அமைதியை ஏற்படுத்தல், போருக்குப் பிந்தைய மீள்கட்டமைப்பு ஆகிய மூன்றிலும் பெண்களுக்கு முடிவெடுக்கும் இடம் வேண்டும் என்று வலியுறுத்துகிறது. அது நிறைவேறிய இரண்டரை ஆண்டுகளுக்குள் இலங்கை அரசும் தமிழீழ விடுதலைப் புலிகளும் நடத்திய பேச்சுவார்த்தையின் ஓர் அங்கமாகப் பெண்கள் மட்டுமே அமர்ந்த துணைக்குழு ஒன்று கிளிநொச்சியில் கூடியது. தமிழ்ப் பெண்கள் ஓர் அதிகாரபூர்வ அமைதிப் பேச்சுவார்த்தையின் அமைப்புக்குள் இடம்பெற்ற அரிய நிகழ்வு இது. அத்துணைக்குழுவின் தோற்றம், அது வகுத்த பொருள்கள், முடக்கம் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பெண்களின் பங்கேற்பை மதிப்பிட எண்ணிக்கை மட்டும் போதாது என்பதும், அவர்கள் அமரும் குழு முதன்மைப் பேச்சுமேசையோடு எவ்வகையில் பிணைக்கப்பட்டுள்ளது என்பதே அதன் விளைவை முடிவுசெய்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: 1325ஆம் தீர்மானம், பால்நிலைத் துணைக்குழு, அமைதிப் பேச்சுவார்த்தை, இலங்கை, காணாமல் ஆக்கப்பட்டோர், பெண்கள் பங்கேற்பு

முன்னுரை

ஈழப் போர் குறித்துத் தமிழில் வெளிவந்துள்ள எழுத்துகளில் பெண் பெரும்பாலும் இரண்டு உருவங்களில் தோன்றுகிறாள். ஒன்று, ஆயுதம் ஏந்திய போராளி. மற்றொன்று, கணவனையோ பிள்ளையையோ இழந்து நிற்பவள். இவ்விரண்டும் உண்மையே. ஆயினும் அமைதியின் விதிகளை வகுக்க உரிமையுடையவள் என்ற மூன்றாவது உருவமும் வரலாற்றில் உண்டு. அதைப் பற்றிய தமிழ் ஆய்வு குறைவு. அவ்வுருவம் வெளிப்பட்ட ஒரு தருணத்தை எடுத்துக்கொண்டு, பன்னாட்டுச் சட்ட நெறியின் துணையோடு அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லாட்சி குறித்து ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ‘பாலினம்’ என வழங்கும் கருத்தாக்கத்தை இலங்கைத் தமிழ் வழக்கு ‘பால்நிலை’ என்கிறது. உடற்கூற்றைக் குறிக்கும் ‘பால்’ என்பதிலிருந்து சமூகம் வகுத்த நிலையைப் பிரித்துக் காட்டுவதால் இச்சொல் பொருத்தமாக உள்ளது. ஆய்வுக்குரிய துணைக்குழுவும் இலங்கை சார்ந்ததாகையால் இக்கட்டுரை ‘பால்நிலை’ என்ற சொல்லையே ஆள்கிறது.

1325ஆம் தீர்மானமும் அதன் பின்புலமும்

பெண்களுக்கு எதிரான அனைத்துவகைப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் உடன்படிக்கை 1979 டிசம்பர் 18 அன்று ஐ.நா. பொது அவையில் ஏற்கப்பட்டது. இலங்கை 1981இலும் இந்தியா 1993இலும் அதற்கு ஏற்புறுதி வழங்கின. 1995இல் பெய்ஜிங்கில் கூடிய நான்காம் உலகப் பெண்கள் மாநாடு வகுத்த செயல்தளத்தின் 12 முதன்மைத் துறைகளுள் ‘பெண்களும் ஆயுத மோதலும்’ என்பதும் ஒன்று. இவ்வாறு பெண்ணுரிமைத் தளத்தில் வளர்ந்த கருத்து, பாதுகாப்புத் தளத்துக்குள் நுழைய மேலும் ஐந்தாண்டுகள் ஆயின.

2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாதுகாப்பு அவையின் தலைமையை ஏற்றிருந்த வங்காளதேசத்தின் தூதர் அன்வாருல் கரீம் சௌத்ரி, அமைதிக்கும் பெண் சமத்துவத்துக்கும் உள்ள பிணைப்பை அவையின் சார்பில் அறிக்கையாக வெளியிட்டார். அதே ஆண்டு மே மாதத்தில் நமீபியாவின் தலைநகரில் விண்ட்ஹூக் பிரகடனம் உருவானது. அக்டோபரில் நமீபியா அவைக்குத் தலைமை ஏற்றபோது, 31ஆம் நாள் 1325ஆம் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பெண்களின் அமைப்புகள் பல ஆண்டுகள் வற்புறுத்தியதன் பயன் அது.

இத்தீர்மானத்தில் 18 செயற்கூறுகள் உள்ளன. அவற்றைப் பங்கேற்பு, பாதுகாப்பு, தடுப்பு, நிவாரணமும் மீட்சியும் என நான்கு தூண்களாகப் பகுப்பது ஆய்வாளர் மரபு. முதற்கூறு, மோதலைத் தடுத்தல், கையாளுதல், தீர்த்தல் ஆகியவற்றுக்கான எல்லா முடிவெடுக்கும் நிலைகளிலும் பெண்களின் இடத்தைப் பெருக்குமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது. எட்டாம் கூறு, அமைதி உடன்பாடுகளைப் பேசுவோரும் நடைமுறைப்படுத்துவோரும் பால்நிலை நோக்கைக் கைக்கொள்ள வேண்டும் என்றும், உள்ளூர்ப் பெண்களின் அமைதி முயற்சிகளை ஆதரிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பன்னிரண்டாம் கூறு ஏதிலியர் முகாம்களில் பெண்களின் தேவைகளைப் பற்றியது. பதின்மூன்றாம் கூறு முன்னாள் போராளிகளுள் ஆண், பெண் இருபாலரின் வேறுபட்ட தேவைகளைக் கருதச் சொல்கிறது.

1325ஐத் தொடர்ந்து 2008 முதல் 2019 வரை மேலும் ஒன்பது தீர்மானங்கள் நிறைவேறின. எனினும் நடைமுறை மெதுவாகவே நகர்ந்தது. 1992 முதல் 2019 வரையிலான முக்கிய அமைதிப் பேச்சுகளில் பேச்சாளர்களுள் 13 விழுக்காட்டினரும், நடுவர்களுள் 6 விழுக்காட்டினரும், கையொப்பமிட்டோருள் 6 விழுக்காட்டினரும் மட்டுமே பெண்கள் என ஐ.நா. பெண்கள் அமைப்பின் கணக்கு காட்டுகிறது. தீர்மானத்தின் பதினைந்தாண்டு நிறைவையொட்டி 2015இல் வெளியான உலகளாவிய மதிப்பாய்வை முன்னின்று எழுதியவர் இலங்கைத் தமிழரான ராதிகா குமாரசுவாமி. பெண்கள் பங்கேற்ற உடன்பாடுகள் 15 ஆண்டுகளேனும் நீடிப்பதற்கான வாய்ப்பு 35 விழுக்காடு கூடுதல் என்ற புள்ளியியல் முடிவு அம்மதிப்பாய்வின் வழியே பரவலாக அறியப்பட்டது.

துணைக்குழுவுக்கு முந்தைய பெண்கள் முயற்சிகள்

1325ஆம் தீர்மானம் வருமுன்பே வடக்கு, கிழக்கு இலங்கையின் பெண்கள் அமைதி குறித்துப் பொதுவெளியில் பேசத் தொடங்கியிருந்தனர். 1984இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர்கள் கைதுசெய்யப்பட்டதை எதிர்த்து அன்னையர் முன்னணி தெருவில் இறங்கியது. 1986இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ என்ற பெண்கவிஞர் தொகுப்பை வெளியிட்டது. இன ஒடுக்குமுறையையும் வீட்டுக்குள் உள்ள ஒடுக்குமுறையையும் ஒருங்கே பேசிய தொகுப்பு என்பதால் ஈழத்துப் பெண்ணியத்தின் தொடக்க ஆவணங்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

1987 ஜூலை 29 அன்று இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்பின் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது. மட்டக்களப்பு அன்னையர் முன்னணியைச் சேர்ந்த பூபதி 1988 மார்ச் 19 அன்று சாகும்வரை உண்ணாநோன்பைத் தொடங்கினார். உடனடிப் போர்நிறுத்தம், புலிகளோடு பேச்சுவார்த்தை என்ற இரண்டே கோரிக்கைகளை முன்வைத்து, ஒரு மாதத்தின்பின் ஏப்ரல் 19 அன்று அவர் உயிர்நீத்தார். பின்னாளில் அவருடைய உருவம் விடுதலை இயக்கத்தின் தியாக மரபுக்குள் சேர்க்கப்பட்டது. ஆனால் அவர் வைத்த இரண்டு கோரிக்கைகளும் பேச்சுவார்த்தை அரசியலைச் சார்ந்தவை என்பது கவனத்துக்குரியது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம, போரால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான பூரணி இல்லத்தை உருவாக்குவதில் பங்காற்றியவர். அரசு, இந்தியப்படை, இயக்கங்கள் ஆகிய அனைத்துத் தரப்பின் மீறல்களையும் பதிவுசெய்த ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர்களுள் ஒருவர். 1989 செப்டம்பர் 21 அன்று அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். புலிகளே அக்கொலைக்குப் பொறுப்பு என அவருடைய சக ஆய்வாளர்கள் குற்றஞ்சாட்டினர். சுயாதீனமாகப் பேசும் பெண்ணுக்கு இருந்த வெளி எவ்வளவு குறுகியது என்பதை இக்கொலை உணர்த்தியது. இதன்பின்னும் 1990களில் மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற அமைப்புகள் பணியாற்றின. தெற்கில் 1990இல் மாத்தறையில் சிங்களத் தாய்மாரின் அன்னையர் முன்னணி உருவாகி, ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் காணாமற்போன தம் பிள்ளைகளைப் பற்றி அரசிடம் விடை கேட்டது.

இம்முயற்சிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு தன்மை உண்டு. பெண்கள் தெருவிலும், ஆலய முன்றிலிலும், எழுத்திலும் பேசினர். பேச்சுமேசை ஒன்றின் அமைப்புக்குள் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

துணைக்குழுவின் தோற்றம்

நார்வேயின் அனுசரணையுடன் 2002 பிப்ரவரி 23 அன்று போர்நிறுத்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதன் 2.1ஆம் பிரிவு குடிமக்களுக்கு எதிரான சித்திரவதை, அச்சுறுத்தல், கடத்தல், கப்பம் பெறுதல், துன்புறுத்தல் ஆகியவற்றைப் பெயர் சுட்டி விலக்கியது. பாலியல் வன்முறை அப்பட்டியலில் தனியே பெயர் பெறவில்லை. 1325ஆம் தீர்மானம் நிறைவேறி ஓராண்டும் சில மாதங்களும் கடந்த பின்னர் எழுதப்பட்ட ஆவணம் இது என்பதை நினைக்கும்போது, பன்னாட்டு நெறிக்கும் களத்துக்கும் இருந்த இடைவெளி புலனாகிறது.

2002 செப்டம்பர் முதல் 2003 மார்ச் வரை ஆறு சுற்றுப் பேச்சுகள் தாய்லாந்து, நார்வே, ஜெர்மனி, ஜப்பான் ஆகிய நாடுகளில் நடைபெற்றன. அரசுத் தரப்பில் ஜி.எல்.பீரிஸ், மிலிந்த மொரகொட, ரவூப் ஹக்கீம் ஆகியோரும், புலிகள் தரப்பில் அன்ரன் பாலசிங்கமும் முதன்மைப் பேச்சாளர்களாக விளங்கினர். அடேல் பாலசிங்கம் புலிகளின் குழுவுக்குத் துணையாக உடனிருந்தார். இரு தரப்பிலும் முதன்மைப் பேச்சாளர் நிலையில் பெண் ஒருவரும் இல்லை. இரண்டாம் சுற்றில் உடனடி மனிதாபிமானத் தேவைகள், போர்ப்பதற்றத் தணிப்பு, அரசியல் விவகாரங்கள் ஆகியவற்றுக்காக மூன்று துணைக்குழுக்கள் அமைக்கப்பட்டன.

2002 அக்டோபரில் பன்னாட்டுப் பெண்கள் குழு ஒன்று வடக்கு, கிழக்குப் பகுதிகளில் பயணம் செய்து, பெண்களின் நிலையை ஆராய்ந்து, அமைதி முயற்சியில் அவர்களுக்கு இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இலங்கைப் பெண்கள் அமைப்புகள் இரு தரப்பையும் தொடர்ந்து வலியுறுத்தின. டிசம்பரில் ஒஸ்லோவில் நடந்த மூன்றாம் சுற்றில், அமைதி முயற்சியில் பெண்களின் நலன்களைத் திறம்பட உள்ளடக்கும் வழிகளை ஆராய்வதற்காகப் பெண்கள் குழு ஒன்றை நிறுவ இரு தரப்பும் இணங்கின. ஐக்கிய இலங்கைக்குள் கூட்டாட்சித் தீர்வை ஆராயும் இணக்கமும் அதே சுற்றில்தான் எட்டப்பட்டது. கூட்டாட்சி பற்றிய இணக்கம் எண்ணற்ற கட்டுரைகளைப் பெற்றது. பெண்கள் குழு பற்றிய முடிவு அடிக்குறிப்பளவில் நின்றுபோனது.

இக்குழுவே பால்நிலை விவகாரங்களுக்கான துணைக்குழு என்ற பெயரைப் பெற்றது. இரு தரப்பும் தலா ஐந்து பெண்களை நியமித்தன. அரசு நியமித்தோருக்குத் தலைமை ஏற்றவர் பெண்ணிய வரலாற்றறிஞர் குமாரி ஜயவர்தன. சட்ட அறிஞர் தீபிகா உடகம, பெண்கள் இயக்கச் செயற்பாட்டாளர் குமுதினி சாமுவேல் ஆகியோரும் முஸ்லிம் பெண்களும் அதில் இடம்பெற்றனர். புலிகள் நியமித்தோருக்கு மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளர் தமிழினி தலைமை தாங்கினார். நார்வேயின் சார்பில் ஆஸ்ட்ரிட் ஹைபெர்க் அனுசரணையாளராகச் செயற்பட்டார்.

இரு தரப்பின் உறுப்பினர்களும் ஒரே வகையினர் அல்லர் என்பது முக்கியம். அரசு நியமித்தோர் பெரும்பாலும் கல்வியுலகையும் சுயாதீனப் பெண்கள் இயக்கத்தையும் சேர்ந்தவர்கள். அரசின் நிலைப்பாட்டைக் காப்பது அவர்களுடைய கடமையாக இருக்கவில்லை. புலிகள் நியமித்தோர் இயக்கத்தின் ஒழுங்குக்குள் நின்றவர்கள். எனவே வடக்கிலும் கிழக்கிலும் இருந்த சுயாதீனத் தமிழ்ப் பெண் செயற்பாட்டாளர்களின் குரலுக்கு இக்குழுவில் நேரடி இடம் அமையவில்லை. துணைக்குழுவைப் போற்றும் ஆய்வும் இக்குறையைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கிளிநொச்சிக் கூட்டமும் ஏழு பொருள்களும்

துணைக்குழுவின் முதற்கூட்டம் 2003 மார்ச் 5, 6 ஆகிய நாள்களில் கிளிநொச்சியில் நடைபெற்றது. அயல்நாட்டு மாளிகைகளிலும் விடுதிகளிலும் நடந்த முதன்மைப் பேச்சுகளைப் போலன்றி, இக்குழு போர் நடந்த மண்ணிலேயே கூடியது. இரு நாள்களில் தன் பணிவரம்பைப் பற்றி இணக்கம் கண்டு, கவனிக்க வேண்டிய பொருள்களாக ஏழினை வகுத்தது. அவை: அமைதி முயற்சியை நிலைநிறுத்தல், மீள்குடியேற்றம், தனிநபர் பாதுகாப்பு, உட்கட்டமைப்பும் சேவைகளும், வாழ்வாதாரமும் வேலைவாய்ப்பும், அரசியல் பிரதிநிதித்துவமும் முடிவெடுத்தலும், நல்லிணக்கம்.

இப்பட்டியலை 1325ஆம் தீர்மானத்தின் நான்கு தூண்களோடு பொருத்திப் பார்க்கலாம். அமைதியை நிலைநிறுத்தலும் நல்லிணக்கமும் தடுப்பைச் சார்ந்தவை. தனிநபர் பாதுகாப்பு இரண்டாம் தூணுக்குரியது. மீள்குடியேற்றம், சேவைகள், வாழ்வாதாரம் ஆகியவை நிவாரணமும் மீட்சியும் என்பதில் அடங்கும். அரசியல் பிரதிநிதித்துவம் பங்கேற்பின் மையமாகும். நான்கு தூண்களும் விடுபடாமல் இடம்பெற்றுள்ளமை, இக்குழு பன்னாட்டு நெறியை நன்கறிந்தே தன் பணியைத் தொடங்கியது எனக் கருத இடமளிக்கிறது.

பட்டியலின் இயல்பும் கவனிக்கத்தக்கது. முதன்மை மேசையில் அதிகாரப் பகிர்வு, ஆயுதக் களைவு, உயர்பாதுகாப்பு வலயம், நிதி ஆகியவை சிக்கலான பொருள்களாக நின்றன. பெண்கள் மேசையின் பொருள்கள் வீடு, நிலம், தண்ணீர், வேலை, இரவில் அச்சமின்றி நடக்கும் உரிமை ஆகியவற்றைத் தொட்டன. இவற்றை ‘மென்மையான’ பொருள்கள் எனக் கருதுவோர் உண்டு. ஆனால் உயர்பாதுகாப்பு வலயம் என்பதன் மறுபெயரே வீடு திரும்ப இயலாமை. எனவே இரு மேசைகளும் ஒரே சிக்கலை இரு பக்கங்களிலிருந்து நோக்கின எனலாம். முதன்மை மேசை நிலத்தை ஆளுகைக்குரிய பரப்பாகப் பார்த்தது. துணைக்குழு அதனைக் குடியிருப்புக்குரிய இடமாகப் பார்த்தது.

மேசையோடு பிணைப்பு: ஓர் ஒப்பீடு

கிளிநொச்சிக் கூட்டம் முடிந்து இரண்டு வாரங்களில் ஜப்பானின் ஹக்கோனேயில் ஆறாம் சுற்று நடந்தது. 2003 ஏப்ரல் 21 அன்று புலிகள் பேச்சுவார்த்தையிலிருந்து தற்காலிகமாக விலகினர். வாஷிங்டனில் நடந்த கொடையாளர் ஆயத்தக் கூட்டத்துக்குத் தாங்கள் அழைக்கப்படாமையும், இயல்புநிலையை மீட்கும் நடவடிக்கைகள் நிறைவேறாமையும் காரணங்களாகக் கூறப்பட்டன. பெண்கள் குழுவுக்குள் எழுந்த முரண்பாடு எதுவும் காரணம் அன்று. ஆயினும் முதன்மை மேசை நின்றதும் துணைக்குழுவும் நின்றது. இதன் காரணத்தை அறிய வேறு இரு நாடுகளின் அனுபவம் உதவுகிறது.

வட அயர்லாந்தில் 1996இல் கத்தோலிக்கரும் புரொட்டஸ்டன்டினரும் இணைந்து பெண்கள் கூட்டணி என்ற கட்சியைத் தொடங்கினர். பேச்சில் கலந்துகொள்வோரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் போட்டியிட்டு, மோனிகா மெக்வில்லியம்ஸ், பெர்ல் சேகர் ஆகியோர் வழியே முதன்மை மேசையிலேயே இடம்பெற்றனர். 1998 ஏப்ரல் 10 அன்று எட்டப்பட்ட புனித வெள்ளி உடன்பாட்டில் பெண்களின் முழுமையான, சமமான அரசியல் பங்கேற்புரிமை எழுத்தில் இடம்பெற்றது.

கொலம்பியாவில் அரசுக்கும் புரட்சிகர ஆயுதப் படைகள் எனப்பட்ட பார்க் அமைப்புக்கும் இடையே ஹவானாவில் நடந்த பேச்சில், 2014இல் பால்நிலைத் துணை ஆணையம் அமைக்கப்பட்டது. இரு தரப்பின் உறுப்பினர்களும் அதில் இருந்தனர். முதன்மை மேசையில் உருவான வரைவுகள் அனைத்தையும் பால்நிலை நோக்கில் படித்துத் திருத்துவது அதன் பணி. 2016இல் கையெழுத்தான இறுதி உடன்பாட்டின் நிலச்சீர்திருத்தம், அரசியல் பங்கேற்பு, பாதிக்கப்பட்டோர் உரிமை ஆகிய பகுதிகளில் அத்திருத்தங்கள் புலப்படுகின்றன.

இம்மூன்று அனுபவங்களையும் பிணைப்பின் அடிப்படையில் மூன்று வகையாகக் கொள்ளலாம். வட அயர்லாந்தில் பெண்களுக்கு மேசையிலேயே இருக்கை இருந்தது. கொலம்பியாவில் மேசையின் எழுத்துமீது கைவைக்கும் உரிமை இருந்தது. இலங்கையில் மேசைக்கு முன்மொழிவு அனுப்பும் வாய்ப்பு மட்டுமே தரப்பட்டது. முன்மொழிவை ஏற்பதா, விலக்குவதா என்பது முதன்மைப் பேச்சாளர்களின் கையில் இருந்தது. குழு கூடுவதும் அவர்களுடைய பேச்சு தொடர்வதைச் சார்ந்திருந்தது. எண்ணிக்கையால் மட்டும் அளந்தால் நூறு விழுக்காடு பெண்களைக் கொண்ட இலங்கைத் துணைக்குழு மூன்றிலும் முன்னிற்கும். விளைவால் அளந்தால் அதுவே பின்தங்கும். காலத்தால் ஹவானாவுக்குப் பதினோர் ஆண்டுகள் முந்திய முயற்சி இது என்பதையும் மறுக்க இயலாது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். முதன்மைப் பேச்சே முறிந்தபோது, எத்தகைய பிணைப்பு இருந்தாலும் பயன் என்ன? மறுப்பு நியாயமானதே. கொலம்பியாவிலும் அயர்லாந்திலும் உடன்பாடு எட்டப்பட்டது, இலங்கையில் எட்டப்படவில்லை. எனினும் பெண்கள் குழுவுக்கு முதன்மைப் பேச்சு நின்றாலும் கூடும் தனியுரிமை தரப்பட்டிருந்தால், இரு தரப்புக்கும் இடையே தொடர்பு அறாத ஒரு வாயில் எஞ்சியிருக்கும். உடன்பாட்டைப் பேசும் அமைப்பை வகுக்கும்போதே இதனை எழுத்தில் சேர்ப்பது அரிய செயல் அன்று.

2009க்குப் பின் ஏழு பொருள்களின் தொடர்ச்சி

போர்நிறுத்த உடன்படிக்கையிலிருந்து அரசு 2008 ஜனவரியில் விலகியது. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றது. வடக்கிலும் கிழக்கிலும் கணவரை இழந்த பெண்கள் சுமார் 89,000 பேர் என 2010இல் அப்போதைய பெண்கள் விவகாரத் துணை அமைச்சர் தெரிவித்தார். 2003இல் பட்டியலாக நின்ற பொருள்கள் அப்பெண்களின் அன்றாடச் சிக்கல்களாக மாறின.

2010இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் எட்டு உறுப்பினர்களுள் ஒருவர் மட்டுமே பெண். அவ்வாணைக்குழுவின் அமர்வுகளில் சாட்சியமளிக்க வடக்கிலும் கிழக்கிலும் பெருந்திரளாக வந்தவர்களோ பெண்கள். கேட்கும் இடத்தில் ஆண்களும் சொல்லும் இடத்தில் பெண்களும் அமர்ந்த இந்நிலை, 1325 மாற்ற விரும்பிய நிலையேயாகும். 2016இல் நிலைமை ஓரளவு மாறியது. மனோரி முத்தெட்டுவேகம தலைமையிலான, நல்லிணக்கப் பொறிமுறைகள் குறித்த கலந்தாலோசனைச் செயலணியின் 11 உறுப்பினர்களுள் 6 பேர் பெண்கள். சித்திரலேகா மௌனகுரு அவர்களுள் ஒருவர். 2017 ஜனவரியில் செயலணி அறிக்கையை ஒப்படைத்தது. நிலம் விடுவிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர், இழப்பீடு, வாழ்வாதாரம், பாதுகாப்பு ஆகியவை மக்கள் முன்வைத்தவற்றுள் முதன்மை பெற்றன. கிளிநொச்சிப் பட்டியல் பதின்மூன்று ஆண்டுகளின்பின் நாடு முழுவதன் குரலாகத் திரும்பி வந்தது எனலாம். அறிக்கையின் பரிந்துரைகளுள் பெரும்பாலானவை நடைமுறைக்கு வரவில்லை.

அறிக்கை ஒப்படைக்கப்பட்ட சில வாரங்களிலேயே பெண்கள் மீண்டும் தெருவுக்கு வந்தனர். 2017 ஜனவரி இறுதியில் முல்லைத்தீவு மாவட்டக் கேப்பாப்பிலவில் படையினர் வசமிருந்த தம் காணிகளைக் கேட்டு மக்கள் போராட்டம் தொடங்கினர். அதில் பெண்கள் முன்னின்றனர். பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றிலில் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். சில நாள்களில் வவுனியாவிலும் அது பரவியது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் பெண்கள் துணைக்குழு கூடிய அதே நகரில், இம்முறை கூரையும் நிகழ்ச்சிநிரலும் இன்றிப் பெண்கள் அமர்ந்தனர். 2016இன் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்தை அவர்களுள் பலர் ஏற்க மறுத்தனர். அலுவலகத்தை வடிவமைப்பதில் தங்களுக்கு முடிவெடுக்கும் பங்கு தரப்படவில்லை என்பது அவர்களுடைய முதன்மை மறுப்புகளுள் ஒன்று. விடை கிடைக்காமலேயே தாய்மார் பலர் இறந்துபோயினர்.

அரசியல் பிரதிநிதித்துவம் என்ற ஆறாம் பொருளில் மட்டும் சட்டவழி முன்னேற்றம் தெளிவாகத் தெரிகிறது. 2013 வடமாகாண சபைத் தேர்தலில், காணாமல் ஆக்கப்பட்ட கணவரைத் தேடிவந்த அனந்தி சசிதரன் யாழ்ப்பாண மாவட்டத்தில் விருப்பு வாக்குகளில் இரண்டாமிடம் பெற்றார். உள்ளூராட்சி மன்றங்களில் 25 விழுக்காடு பெண்களுக்கான ஒதுக்கீடு சட்டமாகி, 2018 பிப்ரவரித் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 2 விழுக்காட்டளவில் இருந்த பெண் உறுப்பினர் பங்கு 20 விழுக்காட்டைக் கடந்தது. 1325ஐ நடைமுறைப்படுத்தும் தன் முதல் தேசியச் செயல்திட்டத்தை இலங்கை 2023–2027 காலத்துக்கென வகுத்துள்ளது. தெற்காசியாவில் நேபாளம் 2011இலேயே இதனைச் செய்தது.

இந்தியாவும் தமிழகமும்

இந்தியா 2007இல் லைபீரியாவில் இருந்த ஐ.நா. அமைதிப் பணிக்கு, பெண்கள் மட்டுமே அடங்கிய காவல் அணியை அனுப்பியது. உலகில் அதுவே இத்தகைய முதல் அணி. ஆனால் 1325ஐ நடைமுறைப்படுத்தும் தனித் தேசியச் செயல்திட்டம் இந்தியாவுக்கு இல்லை. சீருடையில் பெண்ணை அனுப்புவது ஒருவகைப் பங்கேற்பு. அமைதியின் விதிகளை வகுக்கும் இடத்தில் அமர்த்துவது மற்றொரு வகை. முதல்வகையின் பெருமை இரண்டாவதன் இன்மையை நிரப்பாது.

தமிழ்நாட்டில் இவ்வாய்வுக்கு நேரடித் தொடர்புள்ள களம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள். புதுச்சேரியை அடுத்த விழுப்புரம் மாவட்டக் கீழ்ப்புத்துப்பட்டு முகாம் அவற்றுள் ஒன்று. 1983க்குப் பின் வந்தோரின் மூன்றாம் தலைமுறை இன்று முகாம்களில் வளர்கிறது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளை மட்டுமே கருதியதால், இவர்களை அது உள்ளடக்கவில்லை. திரும்பிச் செல்வதா, இங்கேயே குடியுரிமை கோருவதா என்ற கேள்வி குடும்பம்தோறும் உள்ளது. நிலவுரிமை, குழந்தைகளின் கல்வி, பாதுகாப்பு ஆகியவற்றை எடைபோட்டு அதற்கு விடைகாண வேண்டியவர்களுள் பெண்கள் முதன்மையானவர்கள். தாயகம் திரும்புதல் குறித்து இரு அரசுகளும் பேசும்போது முகாம் பெண்களின் பிரதிநிதிகளுக்கு அங்கு இருக்கை வேண்டும் என்பது, தீர்மானத்தின் முதலாம், பன்னிரண்டாம் கூறுகளைச் சேர்த்துப் படிக்கும்போது பெறப்படும் முடிவாகும்.

முடிவுரை

இவ்விளக்கத்தின் வழியே பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. பால்நிலைத் துணைக்குழு 1325ஆம் தீர்மானத்தின் தொடக்ககால நடைமுறை முயற்சிகளுள் ஒன்று. உலக அளவிலான ஆய்வுகளில் அதற்கு உரிய இடம் தரப்பட வேண்டும்.

2. போரிட்ட இரு தரப்பின் பெண்களும் இரண்டே நாள்களில் பொதுவான ஏழு பொருள்களை வகுத்தனர். இணக்கம் காண இயலாமை அவர்களுடைய குறையாக இருக்கவில்லை. அவ்விணக்கத்தை உடன்பாட்டின் எழுத்தாக மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

3. பெண்களின் பங்கேற்பை மதிப்பிடும்போது எண்ணிக்கையோடு, இருக்கை, வரைவுமீதான உரிமை, முன்மொழியும் வாய்ப்பு என்ற பிணைப்பு வகைகளையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

4. 2003இன் ஏழு பொருள்களும் 2016ஆம் ஆண்டுக் கலந்தாலோசனையிலும் 2017க்குப் பிந்தைய போராட்டங்களிலும் தொடர்கின்றன. மேசையில் மறுக்கப்பட்ட பொருள் தெருவுக்கு வருகிறது என்பதற்கு இது சான்று.

துணைக்குழுவின் புலிகள் தரப்புத் தலைவர் தமிழினி 2015 அக்டோபரில் நோயால் மறைந்தார். அவருடைய தன்வரலாறு மறுஆண்டு நூலாக வெளிவந்து தமிழில் பரவலான விவாதத்தை எழுப்பியது. அவ்விவாதம் பெரும்பாலும் போரைப் பற்றியதாகவே அமைந்தது. கிளிநொச்சியில் அவர் எதிர்த்தரப்புப் பெண்களோடு ஒரே மேசையில் அமர்ந்த அந்த இரு நாள்களைப் பற்றிய விவாதம் இனித்தான் தொடங்க வேண்டும். அக்குழுவில் அமர்ந்தோரின் நினைவுகளைத் தமிழில் வாய்மொழி வரலாறாகத் தொகுத்தல், கூட்டறிக்கைகளைத் தமிழாக்கி ஆவணப்படுத்தல், முகாம்களில் வாழும் பெண்களின் தாயகம் திரும்புதல் குறித்த கருத்துகளைக் களஆய்வு வழியே திரட்டல் ஆகியவை அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வுப் பணிகளாகும். சான்றளிக்கக் கூடியோர் நம்மிடையே வாழும் காலத்திலேயே அவற்றைச் செய்து முடித்தல் வேண்டும்.